ஆடிவேல்: கொழும்பு வீதியில் கதிர்காமம்

செட்டிநாட்டு வணிகர் தொடங்கிய விழா தலைநகரின் பொதுவிழாவான வரலாறு

ஆடிவேல் என்பது ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொழும்பில் நடைபெறும் முருகன் திருவிழா. புறக்கோட்டை செட்டியார் தெருவில் உள்ள கதிரேசன் கோவிலிலிருந்து வேல் வெள்ளித் தேரில் புறப்படுகிறது. கோட்டையையும் காலிமுகத்திடலையும் கடந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டி சென்று சேர்கிறது. அங்கே சில நாட்கள் தங்கி அடியார்களுக்குக் காட்சி தந்த பிறகு வந்த வழியே திரும்புகிறது. புறக்கோட்டையில் சம்மாங்கோட்டார் கோவில் என்று அறியப்படும் கதிர்வேலாயுத சுவாமி கோவிலின் வேலும் இதே காலி வீதியில் வெள்ளவத்தைத் திசையாக எழுந்தருளுவது மரபு. ஒன்றரை நூற்றாண்டாகத் தொடரும் இந்த விழாவைத் தொடங்கியவர்கள் தமிழகத்துச் செட்டிநாட்டிலிருந்து வணிகத்துக்காக வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார். எண்ணிக்கையில் அவர்கள் என்றுமே சிறு கூட்டம்தான். ஆனால் அவர்கள் தொடங்கிய விழாவைச் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் கூடத் தங்கள் நகரத்தின் விழாவாக ஏற்றுக்கொண்டார்கள். அதனாலேயே தொடங்கியவர்களில் பெரும்பாலோர் நாடு திரும்பிய பின்னும் விழா நிலைத்தது.

வேலும் கதிர்காமமும்

ஆடிவேலின் வேர் கொழும்பில் இல்லை. இலங்கையின் தென்கோடியில், மாணிக்க கங்கைக் கரையில் உள்ள கதிர்காமத்தில் இருக்கிறது. தமிழருக்குக் கதிர்காமக் கந்தன். சிங்களவருக்குக் கதரகம தெய்யோ. கருவறையில் திருவுருவச் சிலை கிடையாது. திரைக்குப் பின்னால் இருப்பதை அடியார் எவரும் பார்ப்பதில்லை. பூசை செய்பவர்கள் கப்புராளைமார் எனப்படும் சிங்களப் பூசகர்கள். பெருவிழாக் காலத்தில் திரையிட்டு மூடிய யந்திரப் பேழை யானை மீது வள்ளி கோவிலுக்கு எழுந்தருளுகிறது. அதே வளாகத்தில் தெய்வானை அம்மன் கோவிலும் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உள்ளன. ஆடி அமாவாசையை ஒட்டித் தொடங்கும் விழா, பூரணையை ஒட்டி மாணிக்க கங்கையில் நடக்கும் தீர்த்தத்தோடு நிறைவெய்துகிறது.

சாலைகள் சீராகும் முன்பு கதிர்காம யாத்திரை உயிரைப் பணயம் வைக்கும் பயணமாக இருந்தது. வடக்கு, கிழக்கு அடியார்கள் கடற்கரையோரமாக நடந்து உகந்தை முருகனை வணங்கி, அங்கிருந்து காட்டுக்குள் இறங்குவார்கள். கொழும்பிலிருந்து போகிறவர்கள் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை வழியாகத் தென்கரையைச் சுற்றிப் போவார்கள். இன்றைய சாலைக் கணக்கில் இது ஏறத்தாழ 280 கிலோமீற்றர். சேர். பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாடு பற்றி எழுதிய நெடுங்கட்டுரை 1924 இல் வெளியானது. தமது பாட்டியார் 1830களில் வெறுங்காலோடு கதிர்காமத்துக்கு நடந்தே போய், நடந்தே திரும்பியதை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். நோயுற்ற மகன் பிழைக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் நேர்த்தி. பிழைத்த பிள்ளைதான் பின்னாளில் சட்டசபை உறுப்பினராகப் புகழ்பெற்ற சேர். முத்து குமாரசுவாமி. கொழும்பின் வசதி படைத்த குடும்பங்கள் கூடக் கதிர்காமத்தை எவ்வளவு ஆழமாக நெஞ்சில் வைத்திருந்தன என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

செட்டியார் தெருவும் கிட்டங்கியும்

இந்தப் பக்தி மரபுக்குள் நகரத்தார் வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களே அவர்களின் தாயகம். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோவில்களைச் சார்ந்தே அவர்களின் குலப் பிரிவுகளும் திருமண உறவுகளும் அமைகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கை, பர்மா, மலாயா, இந்தோசீனா என்று அவர்களின் கொடுக்கல் வாங்கல் விரிந்தது. இலங்கையில் அவர்கள் அரிசியும் துணியும் இறக்குமதி செய்தார்கள். கோப்பித் தோட்டக்காரர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் முன்பணம் கொடுத்தார்கள். ஆங்கிலேய வங்கிகளில் கடன் எடுத்து, அந்த வங்கிகள் எட்டிப் பார்க்காத உள்ளூர்க்காரர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். வங்கிக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவில் நின்று பணத்தை ஓடவிட்டவர்கள் அவர்களே.

இந்தத் தொழில் நடந்த இடம் கிட்டங்கி. தெருவைப் பார்த்த முகப்பு, உள்ளே நீண்ட கூடம், சுவரோரமாக வரிசையாகச் சாய்மேசைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. ஒவ்வொரு கடைக்கும் முதலெழுத்துகளால் ஆன ஒரு விலாசம். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெட்டியின் சரிந்த மூடியில் பேரேட்டை வைத்துக் கணக்கு எழுதுவார்கள். பகலில் தொழில் நடந்த அதே கூடத்தில் இரவில் படுக்கை விரியும். முதலாளிக்காகக் கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர் அடுத்தாள். தொழில் பழக வந்த சிறுவன் பெட்டியடிப் பையன். மனைவி மக்கள் செட்டிநாட்டு வீட்டில் இருக்க, ஆண்கள் மட்டும் கடல் கடந்து வந்து, பேசிய தவணை முடியும்வரை இப்படிக் கூட்டாக வாழ்ந்தார்கள்.

குடும்பம் இல்லாத ஊரில் அவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தது கோவில். தொழில் செய்யப் போன இடமெல்லாம் முருகனுக்குக் கோவில் எழுப்புவது நகரத்தார் வழக்கம். கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைப்பார்கள். கோவில் பணமும் வட்டிக்கு விடப்பட்டுப் பெருகும். பொதுக்காரியங்களைப் பேசித் தீர்ப்பதும், வழக்குகளை நீதிமன்றம் போகாமல் முடிப்பதும் கோவில் முன்னிலையில் நடந்தன. செட்டியார் தெருவின் பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும் இப்படி வழிபாட்டிடமாகவும் வணிகச் சபையாகவும் சேர்ந்தே இயங்கின. மூலவர் கதிர்காமத்துக் கதிர்வேலன் பெயரையே தாங்கி நிற்கிறார். பழனிக்குக் காவடி எடுத்து நடந்து பழகியவர்கள், இலங்கையில் கதிர்காமத்தைத் தங்கள் பழனியாகக் கொண்டார்கள். ஆடி வந்தால் கொழும்புக் கோவிலிலிருந்து வேலை எடுத்துக்கொண்டு கதிர்காமம் போவது அவர்களின் ஆண்டுக் கடமையாயிற்று.

கொள்ளைநோய் மறித்த வழி

1870களில் அந்த வழி அடைபட்டது. வாந்திபேதி அப்போது ஆசியா முழுவதையும் அச்சுறுத்திய கொள்ளைநோய். தென்னிந்தியாவிலிருந்து வரும் தோட்டத் தொழிலாளர்களோடும் யாத்திரிகர்களோடும் அது நாட்டுக்குள் பரவுகிறது என்று ஆங்கிலேய அரசு கருதியது. குடிநீருக்கு ஓர் ஆறும் தங்குவதற்குச் சில மடங்களுமே உள்ள கதிர்காமத்தில் ஆயிரக்கணக்கானோர் இரண்டு வாரம் கூடியிருப்பது பேராபத்தாக அதிகாரிகளுக்குப் பட்டது. யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன, போகிறவர்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது, கண்காணிப்பு இறுகியது. இந்தக் கட்டுப்பாடுகள் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், கதிர்காம யாத்திரையை நேரில் மேற்பார்வை செய்தவர். நாடு திரும்பிய பின் 1913 இல் அவர் வெளியிட்ட இலங்கைக் காட்டுக்கிராம நாவலிலும் அந்த யாத்திரையின் சாயல் உண்டு.

வேல் கதிர்காமம் போக முடியாத நிலையில் நகரத்தார் விழாவைக் கைவிடவில்லை. கொழும்பிலேயே வேலை வீதியுலாவாக எடுத்துச் சென்று, ஓரிடத்தில் தங்கவைத்து, விழா முடிந்ததும் திருப்பிக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். 1874 ஆம் ஆண்டை இதன் தொடக்கமாகக் குறிப்பது வழக்கம். தேர் போகும் திசையிலும் பொருள் இருக்கிறது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் தெற்கு நோக்கிக் காலி வீதியில் போகிறது. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று தென்கரையைத் தொட்டுக் கதிர்காமம் போகும் பாதையின் முதற்பகுதி அந்த வீதிதான். ஆகவே ஆடிவேல் ஊர்வலம் கதிர்காம யாத்திரையின் முதல் ஆறேழு கிலோமீற்றரை நடந்து காட்டுகிறது. யாத்திரையில் அடியார் தெய்வத்தைத் தேடிப் போவார். இங்கே தெய்வம் அடியார் இருக்கும் தெருவுக்கு வந்தது.

விழா பிறந்த காலத்தில் கொழும்பும் உருமாறிக்கொண்டிருந்தது. கண்டிக்கான புகையிரதப் பாதை 1867 இல் திறக்கப்பட்டது. துறைமுகத்தின் அலைதாங்கிக்கு 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, காலித் துறைமுகத்தில் இருந்த கப்பல் போக்குவரத்து கொழும்புக்கு மாறத் தொடங்கியது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1859 இல் அமைந்த காலிமுகத்திடல் உலாவீதி நகரத்தின் முகமாகியிருந்தது. பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் அன்று தோட்டங்கள் நிறைந்த புறநகர். நெரிசல் மிகுந்த புறக்கோட்டையிலிருந்து தென்னஞ்சோலைகள் சூழ்ந்த கடலோர ஊருக்கு வேல் எழுந்தருளியது. நகரம் தெற்கே வளர வளர, தேர் கடந்து போன வெறும் வீதியின் இருபுறமும் வீடுகளும் கடைகளும் நிறைந்தன.

தேர் வரும் வழி

விழாவின் நடுநாயகம் வெள்ளித் தேர். மரத்தால் அமைத்து வெள்ளித் தகடு போர்த்திய தேரில், பூமாலைகளுக்கு நடுவே வேல் கொலுவிருக்கும். முற்காலத்தில் அதை வெண்ணிறக் காளைகள் இழுத்தன. அடியார்களும் வடம் பிடித்தார்கள். முன்னால் நாதசுரமும் தவிலும். அவற்றை ஒட்டிக் காவடிகள், கற்பூரச்சட்டி ஏந்திய பெண்கள், பசனைக் குழுக்கள். இருமருங்கிலும் எழும் அரோகரா முழக்கம் தேருக்கு முன்னால் தெருவில் ஓடும். செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டி, பிரதான வீதியின் மொத்த வியாபாரக் கடைகளைத் தாண்டி, கோட்டையின் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே நுழைந்து தேர் கடற்கரைக்கு வெளிப்படும். அங்கிருந்து கொள்ளுப்பிட்டி, அதற்கப்பால் பம்பலப்பிட்டி. ஆறேழு கிலோமீற்றரைக் கடக்கப் பகல் முழுவதும் பிடிக்கும், இரவும் ஆகிவிடும்.

தேர் மெல்லச் செல்வதற்குக் காரணம் வாசல்கள். வேல் வருகிறது என்றால் முந்தின நாளே முற்றம் கழுவிக் கோலம் போடுவார்கள். அன்று வாசலில் வெள்ளை விரித்த மேசை வரும். அதில் நிறைகுடம், இருபுறமும் குத்துவிளக்கு, தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, கற்பூரம். தேர் நின்றதும் தட்டு மேலே போகும். பெயரும் நட்சத்திரமும் சொல்லப்பட்டு அர்ச்சனை நடக்கும். தீபாராதனை காட்டியதும் திருநீறும் பூவும் பாதித் தேங்காயுமாகத் தட்டு கீழே இறங்கும். கைக்குழந்தையைத் தேருக்கு நீட்டி நெற்றியில் திருநீறு பூசுவித்து வாங்கிக்கொள்வார்கள். இன்னொரு பக்கம் குவியல் குவியலாகத் தேங்காய் சிதறும். கடைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் உடைப்பதும் உண்டு. சிதறிய துண்டுகளைப் பொறுக்கச் சிறுவர்கள் பாய்வார்கள். ஒரு வாசலில் இப்படிச் சில நிமிடம் சென்றால், அடுத்த வாசல் இருபது அடியில் காத்திருக்கும். தட்டு நீட்டுபவர் யார், எந்தச் சமயத்தவர் என்று தேரில் இருப்பவர் கேட்பதில்லை. சிங்களக் குடும்பங்கள் தட்டோடு நிற்பது கொழும்பில் பழகிய காட்சி.

வழியெங்கும் தாகசாந்திப் பந்தல்கள். மோர், சர்பத், சர்க்கரைத் தண்ணீர் என்று வருவோர்க்கெல்லாம் வழங்குவது பெரும் புண்ணியமாகக் கருதப்பட்டது. ஆடி வெயிலில் வெறுங்காலோடு தார் வீதியில் நடப்பவருக்கு அது உண்மையிலேயே உயிர்த்தண்ணீர். வேல் வருமுன் வீதிக்குத் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணிப்பதும் அதே பரிவின் வெளிப்பாடு.

பம்பலப்பிட்டியில் திருவிழா

பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் பழைய, புதிய கதிரேசன் கோவில்கள் உள்ளன. வேல் அங்கே தங்கும் நாட்களில் பூசையும் அன்னதானமும் இசைக் கச்சேரியும் சமயச் சொற்பொழிவும் நடைபெறும். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நாதசுர, தவில் வித்துவான்கள் வந்து வாசித்துக் கொழும்பு ரசிகர்களுக்கு விருந்து படைத்த மேடை இது. இசைவிழாக்களும் சபாக்களும் பெருகாத காலத்தில், நல்ல கருநாடக இசையைக் காசில்லாமல் கேட்கும் வாய்ப்பை நகரத்துச் சாதாரண மக்களுக்கு ஆடிவேல்தான் தந்தது.

கோவிலுக்கு வெளியே காலி வீதி சந்தையாகும். கரும்புக்கட்டு, கச்சான், கடலை, தும்புமிட்டாய், எள்ளுருண்டை, பலூன், ஊதல், மண்பொம்மை, வளையல், ரிப்பன் என்று நடைபாதை முழுதும் கடை விரியும். கொழும்பில் வளர்ந்த பழைய தலைமுறையினரின் குழந்தைப் பருவ நினைவுகளில் இந்த வேல் கடைகளுக்குத் தனியிடம் உண்டு. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய கொழும்பு வாசிகள் கூடப் பம்பலப்பிட்டி வேலை ஏக்கத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சமயக் காரியம் இந்துக்களுடையது, சந்தை எல்லோருடையது. அந்தச் சந்தைக்கு வந்த பிள்ளைகள் தேரையும் பார்த்தார்கள், மேளத்தையும் கேட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடும் தெய்வத்தையும் தெரிந்துகொண்டார்கள். ஒரு சமூகத்தின் பண்பாட்டை இன்னொரு சமூகத்தின் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை.

இந்தப் பகிர்வுக்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒன்று கதிர்காமம். சிங்களப் பௌத்தர்கள் நேர்த்தி வைக்கும் அதே தெய்வத்தின் வேல் என்பதால் அவர்களுக்கு ஆடிவேல் அந்நியமாகப் படவில்லை. மற்றது கொழும்பின் இயல்பு. புறக்கோட்டையில் ‘சம்மாங்கோடு’ என்ற பெயர் ஒரு முருகன் கோவிலுக்கும் வழங்குகிறது. 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலுக்கும் வழங்குகிறது. துறைமுகத்தை நம்பிக் கடல் கடந்து வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் தொழில் செய்த நகரம் அது. கொட்டாஞ்சேனையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் போய் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். யூன் 13 திருவிழாவில் அந்தோனியார் திருச்சொரூபம் தெருவில் வரும்போது கூடுவதும் அதே கலந்த கூட்டம்தான். அத்தலத்துக்கு அருகிலேயே, பொன்னம்பல முதலியார் தொடங்கி அவர் மகன் சேர். பொன். இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோவில் நிற்கிறது. வடகொழும்பில் அந்தோனியார், தென்கொழும்பில் வேல் என்று வீதிவலம் நகரத்தை இணைத்தது.

கடல் கடந்த பிற விழாக்கள்

புலம்பெயர்ந்தோர் தாயகத்து வழிபாட்டைப் புதிய ஊரின் தெருவில் நடத்துவதும், அது தாயகத்தை விடப் பெரிதாக வளர்வதும் உலகெங்கும் காணக்கூடியது. நகரத்தாரே இதற்குப் பல சான்றுகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். சிங்கப்பூர் டேங்க் சாலையில் 1859 இல் அவர்கள் அமைத்த தெண்டாயுதபாணி கோவில் இன்று அந்நாட்டுத் தைப்பூசத்தின் மையம். பினாங்கில் அவர்களின் வெள்ளித் தேர் 1894 இல் செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. தைப்பூசத்தன்று அது வீதியில் வரும்போது சீனர்களும் தேங்காய் உடைத்து வழிபடுகிறார்கள். கோலாலம்பூருக்கு அருகே பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 1892 இல் தொடங்கிய தைப்பூசம், இன்று உலகின் மிகப்பெரிய முருகன் விழாக்களில் ஒன்று.

தமிழரல்லாத சமூகங்களிலும் இதே போக்கு உண்டு. 1862 மே 5 அன்று மெக்சிக்கோவின் பூவெப்லா நகரில் மெக்சிக்கோப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அந்த வெற்றியைக் கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிக்கோ மக்கள் உடனேயே விழாவாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். இன்று ‘சிங்கோ டி மாயோ’ என்ற அந்த நாள், மெக்சிக்கோவின் பெரும்பாலான ஊர்களை விட லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற அமெரிக்க நகரங்களில் விமரிசையாக நடக்கிறது. இசை, நடனம், உணவு என்று தங்களிடம் உள்ள எல்லாவற்றையும் வீதிக்குக் கொண்டுவந்து அயலவர் முன் வைக்கும் நாளாக மெக்சிக்கோ வம்சாவளியினர் அதை வளர்த்தெடுத்தார்கள். போரின் விவரம் தெரியாத பிற அமெரிக்கர்களும் அதில் கலந்துகொள்கிறார்கள். விட்டுவந்த மண்ணை மறக்க மறுப்பதும், வந்து சேர்ந்த மண்ணில் மதிப்போடு காலூன்ற விரும்புவதும் ஒரே விழாவில் நிறைவேறுகின்றன. கொழும்பு ஆடிவேலின் இயல்பும் இதுவே.

சோதனைக் காலங்கள்

விழாவைத் தொடங்கிய சமூகத்துக்கு 20ஆம் நூற்றாண்டு அடிமேல் அடி கொடுத்தது. 1925 இல் பெரிய செட்டியார் கடை ஒன்று முறிந்ததும், ஆங்கிலேய வங்கிகள் நகரத்தாருக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. தொடர்ந்து வந்த உலகப் பொருளாதார மந்தம் தொழிலை மேலும் முடக்கியது. உள்ளூர் வணிகருக்குக் கடன் கிடைக்காமற் போனதன் விளைவாக 1934 இல் சேர். சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. அதன் வழியே 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. நகரத்தார் நிரப்பி வந்த இடத்தை அந்த வங்கி நிரப்பத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இந்திய வணிகர்கள் முன்போல் வந்து போவதைக் கடினமாக்கின. கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரும்பாலானோர் செட்டிநாடு திரும்பினார்கள்.

கோவில்கள் மூடப்படவில்லை, வேலும் நிற்கவில்லை. நகரத்தார் அறங்காவலில் கோவில்கள் இருக்க, தேரை இழுக்கவும் பந்தல் போடவும் அன்னதானத்துக்குப் பொருள் தரவும் கொழும்பின் மற்றத் தமிழர்கள் முன்வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் உத்தியோகத்துக்காக வந்து குடியேறியவர்களால் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தமிழ்ப் பகுதிகளாகியிருந்தன. 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் பின்னர் வெள்ளவத்தையிலேயே நிலைபெற்றது. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்தவர்களும், கடைச் சிப்பந்திகளும், துறைமுகத் தொழிலாளர்களும் வேலைத் தங்கள் வேலாகவே கொண்டார்கள். ஊரும் சாதியும் வேறுபட்ட தமிழர் ஒரே வடத்தைப் பிடித்த இடமாக ஆடிவேல் ஆனது.

மிகக் கொடிய அடி 1983 இல் விழுந்தது. அந்த ஆண்டு யூலை 24 ஆம் திகதி இரவு கொழும்பில் தொடங்கிய தமிழர் மீதான வன்முறை நாடெங்கும் பரவியது. ஆடி மாதத்தில், வேல் வலம் வரும் அதே வீதிகளில், தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் ஆயிரக்கணக்கானோர் உடைமையிழந்து முகாம்களுக்குப் போனார்கள். பலர் கப்பலில் வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் நாட்டை விட்டே வெளியேறினார்கள். ஆடிவேல் ஊர்வலமும் பல ஆண்டுகள் தடைப்பட்டது. தெருவில் தமிழில் பேசவே தயங்கிய காலத்தில் தேரைத் தெருவுக்குக் கொண்டுவருவது எளிதான காரியமாக இருக்கவில்லை. மீண்டும் வேல் வீதிக்கு வந்த போது, உள்நாட்டுப் போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. சோதனைச் சாவடிகளும் அடையாள அட்டைப் பரிசோதனையும் நிறைந்த நகரத்தில், அந்த ஊர்வலம் தமிழ் மக்கள் இந்த நகரத்தில் தங்களுக்குள்ள இடத்தை அமைதியாக எடுத்துரைத்த நிகழ்வாகவும் அமைந்தது. எந்த அரசியல் மேடையும் கொடுக்காத மனத்தெம்பை அது கொடுத்தது.

இன்றைய ஆடிவேல்

இன்று தேர் வரும் வீதி ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தையது போல் இல்லை. காலி வீதியின் இருபுறமும் அடுக்குமாடிகள் உயர்ந்துவிட்டன. வாசலும் முற்றமும் உள்ள வீடுகள் அருகிவிட்டன. எட்டாம், பத்தாம் மாடியில் குடியிருப்பவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி வந்து, கட்டடத்தின் நுழைவாயிலில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு நிறைகுடம் வைக்கிறார்கள். போக்குவரத்துக்காக ஊர்வல நேரமும் வழியும் காவல்துறையோடு பேசி முடிவு செய்யப்படுகின்றன. தேருக்குப் பின்னால் மின்பிறப்பாக்கி வருகிறது. அலங்கார விளக்குகள் பெருகியிருக்கின்றன. புலம்பெயர்ந்து கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் கொழும்புத் தமிழர்கள் பலர் பள்ளி விடுமுறையை ஆடியோடு பொருத்திப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள்.

மாற்றங்களுக்கு நடுவே காக்க வேண்டியவையும் உள்ளன. நாதசுரமும் தவிலும் ஒலிபெருக்கிப் பாட்டில் அமுங்கிவிடக் கூடாது. அவற்றை வாசிக்கும் கலைஞர்களுக்கு விழா நாட்களில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் மேடையும் ஊதியமும் வேண்டும். செட்டியார் தெருவின் பழைய கட்டடங்கள் இடிந்து புதுக்கட்டடங்கள் எழும் வேகத்தில், கிட்டங்கிக் கூடங்களின் அமைப்பும் பேரேடுகளும் பழைய விழா அறிவித்தல்களும் படங்களும் அழிவதற்கு முன் தொகுக்கப்பட வேண்டும். தேர் இழுத்த, பந்தல் போட்ட, கடை விரித்த முதியவர்களின் நினைவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவு செய்வது பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கமும் சேர்ந்து செய்யத்தக்க பணி. பள்ளிப் பிள்ளைகள், எல்லா இனத்தவரும், இந்த வரலாற்றைத் தங்கள் நகரத்தின் வரலாறாகப் படிக்க வேண்டும். ஏனெனில் இலங்கையின் வங்கித் தொழில், துறைமுகம், தொற்றுநோய்க் கட்டுப்பாடு, குடியுரிமைச் சட்டம், இனவன்முறை என அனைத்தும் இந்த ஒரு தேரின் வரலாற்றில் குறுக்கிடுகின்றன.

நோய், சட்டம், வன்முறை என மூன்றும் மறித்த பின்னும் ஆடிவேல் தொடர்வதற்குக் காரணம் தெளிவு. அதைத் தொடங்கியவர்கள் தங்கள் கோவிலின் மதிலுக்குள் அதை வைத்துக்கொள்ளவில்லை. வீதிக்குக் கொண்டுவந்தார்கள், வழியில் உள்ள ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தினார்கள். வாசலில் நின்றவர் எவராயினும் திருநீறும் தேங்காயும் கிடைத்தன. அப்படிப் பெற்றவர்கள் பின்னர் விழாவைத் தாங்கினார்கள். சிறு சமூகம் ஒன்றின் மரபு பெருநகரத்தில் நிலைக்க வேண்டுமானால், அதில் அயலவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதைக் கொழும்பு ஆடிவேலின் வரலாறு உறுதிப்படுத்துகிறது.